பாங்க் இடிந்தது, பாட்டில் நிற்கிறது!

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ரயோலைட் என்று ஓர் ஊர். 'ஊர்' என்பது மரியாதைக்கு, குடித்தனம் கிடையாது. 1904-ல் பக்கத்து மலையில் தங்கம் கிடைத்தது. மூன்று ரயில் கம்பெனிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. 1907-ல் நிதி நெருக்கடி. 1911-ல் பெரிய சுரங்கம் மூடல். 1916-ல் கரண்ட் கட். அப்புறம் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்றைக்கு அங்கே நடந்து போனால் ஸ்டேஷன் இருக்கிறது, ரயில் இல்லை. மூன்று மாடி பாங்க் இப்போது மொட்டைச் சுவர். 1906-ல் டாம் கெல்லி என்பவர் பீர் பாட்டில்களை அடுக்கிக் கட்டிய வீடோ, அவ்வப்போது ரிப்பேர் பார்த்ததில், ஜம்மென்று நிற்கிறது. பி.காமில் இந்தப் பாடம் நடத்தவில்லை ஸார்!

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய சுரங்கத்துக்குள் தலையை நீட்டாதீர்கள். உத்தரம் உளுத்திருக்கும், உள்ளே காற்றும் கெட்டிருக்கும். தங்கம் தேடிப் போன பலரே வெறுங்கையோடு திரும்பிய இடம். வேடிக்கை பார்க்கப் போகிறவர் முழுசாகத் திரும்பினாலே லாபம்!