சத்தம் வரவில்லையென்றால் போர்மட்டா?

தெமட்டகொடைப் பெற்றோரே, கம்பியூட்டரில் சத்தம் நின்றதும் "போர்மட் பண்ணணும்", "மதர்போர்ட் போயிட்டு" என்பவர்களிடம் காசைக் கொட்டாதீர்கள். ஸ்பீக்கர் வயர் பின்னாலுள்ள பச்சை ஓட்டையில் இருக்கிறதா? சத்தம் எச்டிஎம்ஐ வழியாக ஸ்பீக்கரில்லாத மொனிட்டருக்குப் போகிறதா? முதலில் பாருங்கள். டிவைஸ் மெனேஜரில் ஓடியோவுக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளமிருந்தால் பெரும்பாலும் டிரைவர்தான் கோளாறு. அது மதர்போர்ட் கம்பனியின் இணையத்தளத்தில் இலவசம். போர்டின் சவுண்ட் உண்மையிலேயே செத்திருந்தாலும் சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்ட் போதும். பெக்கப் எடுக்காமல் போர்மட் அடித்தால், ஓஎல் பிள்ளை வருடக்கணக்கில் சேர்த்த நோட்ஸ் போய்விடும். அதற்கு யார் பொறுப்பு? பொய் சொல்லி எடுக்கும் கூலி ஹலாலா? "எந்த டிரைவர் இல்லை?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.