நான் சொல்லிக்கொடுத்த தப்பு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே காட்சிதான். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு மேசையில் பாடக்குறிப்பு நோட்டை விரித்து வைத்து நான் எழுதிக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை காலையில் ஹெச்.எம். சார் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அடுத்த வாரம் கிளாஸ்ல என்ன நடக்கும்னு உனக்கு இப்பவே தெரியுமாம்மா? இதென்ன, ஜோசியமா?" என்று என் மகன் ஒருநாள் கேட்டான். கிண்டல்தான். ஆனாலும் பதில் சொல்ல முடியவில்லை.

பாடக்குறிப்பு என்றால் என்னவென்று கேட்பவர்களுக்காக: பாடத்தலைப்பு, கற்றல் விளைவுகள், துணைக்கருவிகள், ஆர்வமூட்டல், செயல்பாடு, மதிப்பீடு, தொடர்பணி என்று வரிசையாகத் தலைப்பு போட்டு, நாளைக்கு வகுப்பில் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதுவது. போன வருட நோட்டைப் பார்த்து இந்த வருடம் எழுதுவது, தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து எழுதுவது எல்லாம் ஊரறிந்த ரகசியம். நானும் செய்திருக்கிறேன். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

இந்தப் பழக்கத்தை நான் மாற்றிக்கொள்ளக் காரணம் ஒரு கழித்தல் கணக்கு.

எட்டு வருடங்களுக்கு முந்தைய கதை. கிராமத்தில் ஈராசிரியர் பள்ளி. நாலாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். பாடக்குறிப்பில் எழுதியபடியே கடன் வாங்கிக் கழித்தலை நடத்தி முடித்துவிட்டு, 403-லிருந்து 158-ஐக் கழிக்கச் சொன்னேன். விடை 245. ஆறு பிள்ளைகளின் நோட்டில் 355 என்று இருந்தது. பெருக்கல் குறி மாதிரி சிவப்பு மையில் தப்புப் போட்டேன். மூன்றாவது வரிசையில் உட்காரும் பெண் அந்த வாரம் முழுக்க இப்படித்தான் போட்டிருந்தாள். அவள் நோட்டில் மட்டும் கீழே, 'கவனம் தேவை' என்றும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"கவனமே இல்லைன்னு எழுதியிருந்தீங்களே டீச்சர், நேத்து ரெண்டு அடி நல்லாப் போட்டேன். இனிமே ஒழுங்காப் போடுவா."

பிள்ளை அவர் முந்தானைக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்து, அதே கணக்கைக் கொடுத்து, "நீ எப்படிப் போடுறன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே போடு பாப்பா" என்றேன்.

"எட்டுல மூணு போனா அஞ்சு. அஞ்சுல சைபர் போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு."

355. துளி கவனக்குறைவு இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எது பெரிய எண் என்று பார்த்து, அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது அவளுக்கு முக்கியமில்லை.

"ஏம்மா கீழே இருக்கிற எட்டுல இருந்து மேலே இருக்கிற மூணைக் கழிச்ச?"

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, எப்பவும் பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு."

சொன்னேன்தான். ரெண்டாம் வகுப்பில் இதே பிள்ளைகளுக்கு நான்தான் டீச்சர். ஒற்றை இலக்கக் கழித்தலில் அந்த வாக்கியம் வசதியாக இருந்தது. கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னதுகூட ஞாபகம் வந்தது. என் வார்த்தையை ரெண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்த பிள்ளைக்குத்தான் 'கவனம் தேவை' என்று எழுதி, அடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று மதியம் பாடக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, சாக்பீஸ் டப்பாவில் அட்டைத் துண்டுகளைப் போட்டு ஒரு கடை வைத்தோம். நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய் என்று எழுதிய அட்டைகள். அவள் கையில் நாலு நூறும் மூணு ஒண்ணும். 158 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். எட்டு ரூபாய்க்குச் சில்லறை போதவில்லை. பத்து ரூபாய் நோட்டும் இல்லை. கொஞ்சம் யோசித்தாள். ஒரு நூறைக் கொடுத்துப் பத்து பத்தாக வாங்கினாள். அதில் ஒரு பத்தைக் கொடுத்து ஒண்ணு ஒண்ணாக மாற்றினாள். இப்போது மூணு நூறு, ஒன்பது பத்து, பதிமூணு ஒண்ணு. கொடுத்தது போக மிச்சத்தை எண்ணினாள். 245. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் இன்னொரு பாடமும் எனக்குக் கிடைத்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், "கடன் வாங்கினா திருப்பித் தரணுமே டீச்சர், எப்பத் தருவோம்?" என்றான். நியாயமான கேள்விதானே! கடன்காரர் வந்து நிற்பதை வீட்டில் பார்க்கிற பிள்ளை. அன்றிலிருந்து என் வகுப்பில் 'கடன் வாங்குதல்' கிடையாது, 'சில்லறை மாற்றுதல்'தான்.

சாயங்காலம் அந்த அம்மாவைப் பார்த்து, "தப்பு என்னுடையது, பிள்ளையை அடிக்காதீங்க" என்றேன். அவருக்கு எந்த அளவு புரிந்ததோ தெரியாது. "பரவால்ல டீச்சர்" என்று சங்கடமாகச் சிரித்துவிட்டுப் போனார்.

ராத்திரி பாடக்குறிப்பு நோட்டை எடுத்து, எப்போதும் காலியாக விடுகிற வலது பக்கத்தில் முதல்முறையாக எழுதினேன்: '355. ஆறு பேர். பெரிசுல இருந்து சின்னது என்று இனி சொல்லக் கூடாது.' அவ்வளவுதான். அன்று தொடங்கியது. தினமும் ஐந்து நிமிடம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட எழுதிவிடுவேன். ஒரே தப்பான விடை ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுவேன். காப்பி அடித்திருக்காவிட்டால் அதற்குள் ஏதோ காரணம் இருக்கிறது என்று அர்த்தம். இன்று வாயே திறக்காத பிள்ளை யார் என்பதையும் எழுதுவேன். இந்தப் பகுதி எழுதத்தான் கஷ்டம். சில நாள் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வராது.

குஜராத்தி ஆசிரியர் கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியரும் நாலாம் வகுப்புக்குத்தான் போவார். வீட்டில் பிரமாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டு போய், முதல் நாளே மௌன விளையாட்டு நடத்தப் பார்ப்பார். பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிடுவார்கள். அவர் வகுப்பைக் கலைத்துவிட்டு, மறுநாள் கதையோடு வருவார். படித்தபோது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது!

இப்போது தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்துவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து ஆசிரியர் கையேடே கைக்கு வருகிறது. உண்மையில் பெரிய உதவி. ஆனால் என் வகுப்பில் யார் 355 போடுவார்கள் என்று கையேட்டுக்குத் தெரியாதே. அதனால் வலது பக்கத்தை நான் விடவில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அம்மா அப்பாக்களே, அடுத்த தடவை தப்பு வந்தால் ரப்பரை எடுப்பதற்கு முன்னால், "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். இல்லாவிட்டால், கேட்டாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொள்ளும்!

போன வியாழக்கிழமை என் வலது பக்கத்தில் இருப்பது இது: 'ஐந்தாம் வகுப்பு. 1/3 பெரிசா, 1/4 பெரிசா? பதினோரு பேர் 1/4 என்றார்கள். நாலு பெரிசாம். நான் எங்கே, என்ன சொன்னேன்?'

இந்த ஞாயிற்றுக்கிழமை பாடக்குறிப்பு எழுதும்போதே ஒரே அளவில் ரெண்டு கடலைமிட்டாய் பட்டை வாங்கி வைத்துவிட்டேன். ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நாலாகவும் வெட்ட வேண்டும். சமமாக வெட்ட வருமா என்பதுதான் இப்போதைய கவலை.