கருவி இல்லாமலா சாகிறோம்?

கல்லூரிகளில் புத்தாக்கப் போட்டிகளுக்கு இப்போது குறைவில்லை. சுற்றிலும் பார், அன்றாடப் பிரச்சினை ஒன்றைக் கண்டுபிடி, அதற்கொரு கருவி செய் என்கிறார்கள். நம் பிள்ளைகளும் போகிறார்கள், போகட்டும். 'கண்டுபிடி' என்ற சொல்லோடுதான் எங்களுக்குத் தகராறு. மலக்குழிக்குள் இறங்கியவர் திரும்பி வருவாரா என்று காத்திருக்கும் வீட்டுக்கு, அந்தப் பிரச்சினையை யாரும் கண்டுபிடித்துத் தரவேண்டியதில்லை.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்துபோனார்கள். கேரளப் பொறியியல் பட்டதாரிகள் சிலர் 'பெருச்சாளி' என்று பொருள்படும் 'பாண்டிகூட்' இயந்திரத்தைச் செய்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. நல்ல கருவி, நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அதற்கு முன்பு இயந்திரமே இல்லையா? அடைப்பை உடைக்கும் ஜெட்டிங் லாரியும், கழிவை உறிஞ்சும் லாரியும் எத்தனையோ ஆண்டுகளாக நம் நகரங்களில் ஓடுகின்றன. லாரிக்கு டீசல் வேண்டும், வாடகை வேண்டும், சந்துக்குள் அது நுழையாது. மனிதரைச் சில நூறு ரூபாய்க்கும் ஒரு குவார்ட்டருக்கும் இறக்கிவிடலாம். எந்தத் தெருவில் போய்க் கூப்பிட்டால் ஆள் வரும் என்பது ஒப்பந்ததாரருக்குத் தெரியும். அந்தத் தெருவை அவருக்குக் காட்டிக்கொடுப்பது சாதி. சாதி மலிவாக்கி வைத்திருக்கும் உடலோடு எந்த இயந்திரமும் விலையில் போட்டியிட முடியாது.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் கொடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. 2013 சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது: பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதைத்தான் அது 'அபாயகரமான சுத்தம்' என்கிறது. கையுறையும் துணி முகக்கவசமும் வாங்கி வைத்துவிட்டால் பேசத் தயார். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு துணிக்கு நிற்காது. அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் இல்லையே என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். கையுறையும் ஒரு தயாரிப்புதான் தோழர்களே, யாரைக் காப்பாற்றும் தயாரிப்பு என்பதுதான் கேள்வி.

இன்னொரு வழியும் நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'ஹோமோசெப்' என்ற கழிவுத்தொட்டி இயந்திரத்தின் முதல் இரண்டு அலகுகளை, 2022இல் சஃபாயி கர்மசாரி ஆந்தோலனின் துணையோடு சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அந்தக் குழுக்களை நடத்துபவர்கள் இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள். இயந்திரம் ஒப்பந்ததாரரின் கொட்டகைக்குப் போகவில்லை, அதை எங்கள் கணக்கில் பெரிய விஷயமாகவே வைக்கிறோம். வெறும் கருவி வந்தால், நேற்று உள்ளே இறங்கியவர் நாளை வேலையில்லாமல் அதே தெருவில் உட்கார்ந்திருப்பார். வருமானம் வேறு ஆளுக்குப் போகும்.

அடுத்த போட்டிக்குப் போகிறவர்கள் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்: இதை இயக்கப்போவது யார், வாடகைப் பணம் யார் கைக்கு வரும், ஆறடிச் சந்துக்குள் இது நுழையுமா. நடுவர் மேசையில் தூய்மைப் பணியாளர் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று மேடையிலேயே கேளுங்கள். இல்லையென்றால், அவரை அழைத்து வரும்வரை உங்கள் கருவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.