அணிக்கு ஊர் கிடையாது! நமக்கு உண்டு!

 

திண்டிவனத்தில் ஒரு ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, செல்போன் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஹஜ்ரத், கோயம்புத்தூர்ல புது ஸ்டேடியம் வரப்போகுதாமே, சென்னை டீம் அங்க போயிடுமா?" என்று கேட்டான். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது கோவையில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் என்று வாக்குறுதி தரப்பட்டதிலிருந்து இந்தப் பேச்சு டீக்கடைகளில் ஓடுகிறது. அவன் முகத்தில் இருந்த கவலை நிஜமான கவலை. சொந்த அண்ணன் வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்று தவிப்பவனைப் போல நின்றான்.

"லாபம் இருந்தால் போகும் தம்பி, நீ அழுதாலும் போகும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கு அந்தப் பதில் போதாது. அவனைப் போல விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு திரியும் நூற்றுக்கணக்கான தம்பிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

போனது முதல் தடவையா?

2014ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள். சுமார் 12 ஆயிரம் பேர் உட்காரும் இடம். விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று மாநகராட்சி அவற்றுக்குச் சீல் வைத்தது. அனுமதி கிடைக்கவில்லை. சென்னை அணி என்ன செய்தது? மூட்டையைக் கட்டிக்கொண்டு ராஞ்சிக்குப் போய்விட்டது! 'சொந்த ஊர்' ஆட்டம் ஜார்க்கண்டில் நடந்தது. 2019இலும் அதே கேலரிகளைக் காரணம் காட்டி, சென்னைக்கு வரவேண்டிய இறுதிப்போட்டி ஹைதராபாத்துக்குப் போனது.

2018ஐ யாரும் மறந்திருக்க முடியாது. காவிரி நீருக்காகத் தமிழகமே கொந்தளித்தது. பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. அதையாவது நிறைவேற்ற ஒரு திட்டம் வகுக்கத் தரப்பட்ட ஆறு வார அவகாசமும் வீணாகப் போனது. டெல்டா விவசாயி வயிற்றில் அடிக்கப்படும்போது இங்கே கேளிக்கையா என்று ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தைச் சுற்றி மக்கள் திரண்டார்கள். நம் சமுதாய இளைஞர்களும் அதில் நின்றார்கள். மறுநாளே முடிவாயிற்று. மிச்சமிருந்த ஆட்டங்கள் அனைத்தும் புனேவுக்கு! ரசிகர்களை ஒருமுறை ரயிலேற்றிக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அந்த ஆண்டு கோப்பையையும் வென்றார்கள். சென்னை இல்லாமலேயே 'சென்னை' வென்றது!

அப்போது விழுப்புரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவர், கடனுக்கு மஞ்சள் பனியன் வாங்கி அடுக்கி வைத்திருந்தார். அணி புனேவுக்குப் போனது. பனியன் பரணுக்குப் போனது. கடன் மட்டும் அவரிடமே இருந்தது. அணியிடம் போய் நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

'போராடி நீங்கள்தானே விரட்டினீர்கள்?' என்று சிலர் கேட்கிறார்கள். சகோதரர்களே, ஒரே இரவில் விரட்டிவிட முடிகிற ஒன்றைச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது? கல்லணையை விரட்ட முடியுமா? மேல்மலையனூரில் மணிலா போடும் விவசாயியை விரட்ட முடியுமா? ஊருக்குச் சொந்தமானது ஊரோடு நிற்கும். வாடகைக்கு வந்தது வண்டி பிடிக்கும்.

பெயர்ப் பலகை மாறும் கடைகள்

2008இல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுக்கப்பட்டதுதான் இந்த 'சென்னை'. தமிழ்நாடு பிரீமியர் லீக்கையும் பாருங்கள். தூத்துக்குடியின் பெயரில் விளையாடிய அணி பின்னால் சேலத்தின் அணியானது. காரைக்குடியின் அணி திருப்பூரின் அணியானது. திருவள்ளூர் என்று பெயர் வைத்த அணி காஞ்சி என்று மாற்றிக்கொண்டது. தூத்துக்குடிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் மறு வருடம் யாருக்குக் கத்துவான்? கடைக்காரர் பலகையை மாற்றி எழுதினால் வாடிக்கையாளர் கண்ணீர் விடுவதுண்டா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஓக்லாந்து என்றொரு நகரம். உழைக்கும் மக்கள் நிறைந்த ஊர். அங்கிருந்து 2019இல் கூடைப்பந்து அணி பக்கத்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. 2020இல் கால்பந்து அணி லாஸ் வேகாஸுக்குப் போனது. 1968 முதல் அங்கேயே ஆடிய பேஸ்பால் அணியும் 2024 சீசனோடு வெளியேறியது. அதற்கும் லாஸ் வேகாஸில் புது ஸ்டேடியம். அதைக் கட்ட 38 கோடி டாலர் வரை மக்கள் பணத்தைத் தர நெவாடா மாநிலம் 2023இல் சட்டமே போட்டது. லாஸ் வேகாஸ் எதற்குப் பேர் போன ஊர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூதாட்டத்தின் தலைநகரம்!

பக்கத்திலிருக்கும் பெங்களூருக்கு வருவோம். 2025 ஜூன் 4 அன்று வெற்றிக் கொண்டாட்டம் என்று கூட்டம் கூட்டி, சின்னசாமி மைதானத்தின் வாசலில் 11 உயிர்கள் நெரிசலில் போயின. அதில் ஒரு பெண் நம் தமிழகத்தவர். அந்தத் தாய்மார்களின் கண்ணீர் காயும் முன்பே பேச்சு என்னவாக இருந்தது? 2026இல் எந்த ஊருக்குப் போய் ஆடலாம், புனேயா, ராய்ப்பூரா என்பதுதான்! நவம்பரில் அணியின் உரிமையாளர் நிறுவனம், அந்த முதலீட்டை வைத்துக்கொள்வதா என்று பரிசீலிப்பதாக அறிவித்தது. அணி ஊர் மாறலாம், முதலாளி மாறலாம். போன பிள்ளைகள் திரும்புவார்களா?

சேப்பாக்கம் சொல்லும் பாடம்

சேப்பாக்கம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஸ்டேடியம்தான் நினைவுக்கு வருகிறது. அது யார் தோட்டம் என்று தெரியுமா? ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் வளாகம் அது. கூப்பிடு தூரத்தில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள்.

அந்த அரண்மனை எப்படிக் கை மாறியது? பீரங்கியால் மட்டும் அல்ல, வட்டியால்! நவாப் தன் படைச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் வெள்ளைக்காரர்களிடம் வட்டிக்கு வாங்கினார். கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார். அந்தக் கடன் கதை லண்டன் பாராளுமன்றம் வரை நாறியது. 1855இல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், டல்ஹவுசியின் ஆட்சி பட்டத்தையே ஒழித்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளிலேயே வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப் அந்தத் தோட்டத்தில் வேலி போட்டது. நவாபுகளின் தவறுகளை மூடி மறைக்க நமக்கு அவசியமில்லை. வட்டியைத் தொட்டவன் நவாபானாலும் நடுத்தெருவுக்கு வருவான் என்பதற்கு அந்த மண்ணே சாட்சி.

இதை ஏன் வியாபாரிகளுக்குச் சொல்கிறேன்? நம் கடைவீதியில் இன்று நடப்பதும் அதுதான். ஒரு சகோதரர், நல்ல உழைப்பாளி. முதலில் நூறு ரூபாய் பந்தயம். பிறகு ஓவருக்கு ஓவர் பந்தயம். சீசன் முடிவதற்குள் கடையின் கொள்முதல் பணம் போயிற்று. அதை ஈடுகட்ட மீட்டர் வட்டி. ஒரு நாள் அவருடைய மனைவி குழந்தையோடு ஜமாஅத் அலுவலகத்தில் வந்து நின்றார். காதில் தோடு இல்லை. அந்த அணி எந்த ஊரில் ஆடினால் அந்தச் சகோதரிக்கு என்ன?

மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் வைத்து, ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (அல்குர்ஆன் 5:90). அடுத்த வசனத்திலேயே, அவை பகையை மூட்டும், தொழுகையை விட்டுத் தடுக்கும் என்கிறான். நாம் கண்ணால் பார்க்கிறோம் அல்லவா? பந்தய விவகாரத்தில் சென்னை அணியே 2016, 2017 இரண்டு ஆண்டுகள் விளையாட முடியாமல் தடை செய்யப்பட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடை செய்தது. அதுவரை இந்திய அணியின் சட்டையில் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் பெயர்தான் மின்னியது! சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆள் வைத்து நடக்கும் பந்தயம் நின்றுவிட்டதா? உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள்.

இஸ்லாம் விளையாட்டுக்கு விரோதியா?

உடனே சிலர் "மவ்லவிகளுக்கு விளையாட்டே பிடிக்காது" என்று கிளம்பிவிடுவார்கள். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்திருக்கிறார்கள். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அனுமதித்திருக்கிறார்கள். அம்பெய்து பழகிய கூட்டத்தாரை உற்சாகப்படுத்தியிருக்கிறார்கள். அத்தனையும் உடல் வியர்க்க ஆடியவை. மூன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, மக்ரிபையும் இஷாவையும் விழுங்கிவிட்டு, அடுத்தவன் ஆடுவதைப் பார்ப்பதற்கு விளையாட்டு என்று யார் பெயர் வைத்தார்கள்?

நான் மைதானத்தின் எதிரி அல்ல. 1999 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றபோது, நம் தமிழ் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிரிக்கெட்டை வைத்து நம் தேசபக்தியை அளக்கும் கூட்டத்திற்கு அன்று கிடைத்த அடி அது. அந்தப் பெருந்தன்மை எந்தக் கம்பெனியும் ஏலத்தில் எடுத்தது அல்ல. இந்த மண்ணுடையது, இந்த மக்களுடையது. அதனால்தான் சொல்கிறேன், கம்பெனியை விடுங்கள், மண்ணைப் பிடியுங்கள்!

என்ன செய்யலாம்?

நம் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? ஏரி வற்றினால் மைதானம் உண்டு. மழை பெய்தால் மைதானம் இல்லை. மற்ற நாளில் லாரி ஓடும் ரோட்டோரம். சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டு அரங்கம் என்று அரசு அறிவித்தது. அது நம் தொகுதிகளில் எந்த நிலையில் இருக்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தின் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்துக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? டிக்கெட்டுக்காக விடிய விடிய விழித்திருக்கும் தம்பிகளே, ஒரு திங்கட்கிழமை காலையை ஊருக்காகத் தாருங்கள். மனுவை எழுதித் தருவது எங்கள் பொறுப்பு.

வியாபாரப் பெருமக்களே! ஊரில் டோர்னமெண்ட் நடத்தும்போது அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வசூலித்து, அதையே பரிசாகக் கொடுக்கிறார்கள். எல்லோரும் பணம் போட்டு ஒருவன் அள்ளிக்கொண்டு போவது சூதின் வகை என்று மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். பரிசை நீங்கள் கொடுங்கள். உங்கள் சொந்தப் பணத்திலிருந்து வெளியாள் தரும் பரிசில் அந்தக் குறை இல்லை. அஸருக்குப் பின் தொடங்கி மக்ரிபுக்கு முன் முடியட்டும். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஆடட்டும். காலனிப் பிள்ளைக்கும் தெருப் பிள்ளைக்கும் ஒரே பந்து, ஒரே தண்ணீர்க் குடம். நம் மாவட்டத்திற்கு இதைவிடப் பெரிய கோப்பை வேண்டுமா?

இடம் பிடித்தால் முறையாகப் பிடிப்போம். மஸ்ஜிதுந் நபவி எழுந்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தபோதும் நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். குத்தகையோ கிரயமோ, பத்திரமும் அனுமதியும் கையில் இருக்கட்டும். காகிதம் சரியில்லாமல் மூன்று கேலரிகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தோமே!

பந்தயக் கடனில் விழுந்த சகோதரர்களை ஒதுக்காதீர்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் வட்டியில்லாக் கடனுக்கு ஒரு பைத்துல்மால் வேண்டும். தவ்பா செய்து வருபவனுக்கு முதலில் திறக்க வேண்டிய கதவு ஜமாஅத்தின் கதவு.

கடைசியாக ஒன்று. மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது மதீனத்து அன்சாரிகள் உள்ளுக்குள் நடுங்கினார்கள். பிறந்த ஊர் கிடைத்துவிட்டது, இனி நபியவர்கள் (ஸல்) நம்மிடம் திரும்புவார்களா என்று கலங்கினார்கள். தன் வாழ்வும் அவர்களோடுதான், மரணமும் அவர்களோடுதான் என்று நபியவர்கள் (ஸல்) உறுதி சொன்னார்கள். சொன்னபடியே மதீனாவில் வாழ்ந்தார்கள், அங்கேயே அடங்கினார்கள். நன்றிக்கும் விசுவாசத்திற்கும் இலக்கணம் அதுதான். லாபக் கணக்குப் பார்த்து ஊர் மாறும் கம்பெனிகளிடம் அதைத் தேடாதீர்கள்.

திண்டிவனத்துத் தம்பியே! அந்த அணி கோவைக்குப் போகட்டும், இருக்கட்டும். நீ எங்கே போகப் போகிறாய்? உன் கடை இங்கே. உன் தாய் இங்கே. நாளை உன்னைத் தோளில் சுமக்கப் போகிறவர்கள் இங்கே. வாலிபத்தை எதில் கழித்தாய், செல்வத்தை எதில் செலவழித்தாய் என்று மறுமையில் கேட்கப்படும்போது, எந்த அணியும் உனக்காகச் சாட்சி சொல்ல வராது. வரும் திங்கட்கிழமை மனுவோடு வா. இன்ஷா அல்லாஹ், சேர்ந்தே போவோம்.

அல்லாஹ் நம் வாலிபர்களையும் வியாபாரத்தையும் பாதுகாப்பானாக! ஆமீன்.