கடனும் பங்கும்

தொழிலுக்கு முதல் வேண்டும். கைப்பொருள் போதாதவிடத்து அது கடனாகவோ பங்காகவோதான் வரும். இவ்விரண்டின் வேறுபாட்டை எத்தாளைக் கரையில் நிற்போர் எளிதில் உணர்வர்.

கடல் கொடுத்தாலும் கைவிரித்தாலும் கடனுக்குத் தவணை தவறாது. மீன் வாங்கும் முதலாளியிடம் முன்பணம் பெற்றவருக்கோ வட்டி என்னும் சொல்லே காதில் விழாது. பிடித்த மீனை அவருக்கே, அவர் குறிக்கும் விலைக்கே கொடுப்பதுதான் அவ்வட்டி. பங்கு அத்தகையதன்று. படகும் வலையும் இட்டவருக்கு ஒரு கூறு, உழைத்தோருக்கு ஒரு கூறு என வகுக்குமிடத்து, வலை வெறுமையாயின் இரு சாராரும் வெறுங்கையரே. ஆயினும், வருவாய் பெருகின் பங்காளியின் கூறும் பெருகும். நிருவாகத்திலும் அவர் சொல் நுழையும்.

1906ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பனி, 25 ரூபா வீதம் 40,000 பங்குகளால் 10 இலட்சம் ரூபா திரட்ட முனைந்து, கொழும்புக்குக் கப்பலும் விட்டது. பலர் சிறுகச் சேர்ந்து பெருந்தொழில் செய்யலாம் என்பதற்கு அது சான்று. அவர் சிறையிலிருந்த காலத்திலேயே அது கலைந்தமை, பங்கு முதலுக்கும் காப்பில்லை என்பதற்குச் சான்று.

ஆதலின், வருவாய் உறுதியான தேவைக்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் பெறுக. உறுதியற்ற புதுமுயற்சிக்குப் பங்காளியை நாடுக என்பதே நம் கருத்து. நம் மாணவர் நாளை எப்பத்திரத்தில் ஒப்பமிடினும், “தொழில் பொய்த்தால் இழப்பு யாருடையது?” என்று முதலில் வினவுவாராக. கற்ற கல்வி அக்கரைக்குப் பயன்படுவது அவ்வாறன்றோ!