இரண்டாவது சான்ஸ் என்ன விலை?

உங்கள் வீட்டிலோ எதிர்வீட்டிலோ, ப்ளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் காலேஜிலும் சேராமல் ஒரு வருஷம் 'சும்மா' இருக்கிற பிள்ளை யாராவது உண்டா? உண்மையில் சும்மா இல்லை. நாமக்கல்லிலோ சென்னையிலோ ஒரு ஹாஸ்டலில், விடிவதற்கு முன்னால் எழுந்து பாட்டனி புத்தகத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கும். விசாரித்தால், "நீட் ரிப்பீட் பண்றா சார்" என்பார்கள். போன தடவை மார்க் குறைந்துவிட்டது, இந்தத் தடவை எடுத்துவிடுவாள். பெற்றவர்கள் முகத்தில் கவலை இருக்கும், வெட்கம் இருக்காது. இருக்கவும் வேண்டாம். ஒரு பரீட்சையில் சறுக்கிய பிள்ளை மறுபடி எழுதுவதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. என் கேள்வி வேறு. அந்த ஒரு வருஷத்துக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்?

கோச்சிங் பீஸ், ஹாஸ்டல், மெஸ், மாதிரித் தேர்வு, மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவரும் பஸ் செலவு. கூட்டிப் பாருங்கள். லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த லட்சம் உங்களிடம் இருந்தது, அல்லது கடனாகவாவது கிடைத்தது. சரி. இல்லாதவன் என்ன செய்வான்?

செஞ்சிப் பக்கம் தளவானூர் என்று ஓர் ஊர். தென்பெண்ணையில் கட்டிய தடுப்பணை 2021-ல் உடைந்து பேப்பரில் பெயர் அடிபட்டதே, அந்தத் தளவானூர் இல்லை. அதே விழுப்புரம் மாவட்டத்தில் இது இன்னொன்று. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து சத்ருமல்லேஸ்வராலயம் என்று கோயில் எடுத்த ஊர். சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றபடி நிலக்கடலையும் நெல்லும் விளைகிற வட்டாரம். மழையை நம்பியும் கிணற்றை நம்பியும் பிழைப்பு.

அந்த ஊரில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இந்த மாதிரிப் பெண் ஊருக்கு ஊர் இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. நீட் எழுதினாள், தகுதி மார்க்கைத் தாண்டிவிட்டாள். சீட்டுக்கு மட்டும் எட்டவில்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது இதுதான். உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அடுத்த வாரமே நாமக்கல் பஸ். இவள் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "ஒரு வருஷம் வீட்ல உக்காந்தா ஊர் என்ன சொல்லும்?" என்பார் அப்பா. "மாமன் வீட்டுல கேக்குறாங்க" என்பார் அம்மா. பக்கத்து ஊர்ப் பெண்கள் செய்யாறு சிப்காட்டுக்கு ஷூ கம்பெனி வேனில் போய் வருகிறார்கள். வேனில் இவளுக்கும் ஒரு இடம் இருக்கும்.

இரண்டு பெண்களும் ஒரே மார்க்தான் வாங்கினார்கள். ஒருத்தி டாக்டர் ஆவாள். இன்னொருத்தி வேனில் ஏறுவாள். இதற்குப் பெயர் தகுதியா?

'மார்க் குறைச்சலாக வாங்கியவன் மூளையும் குறைச்சல்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2020-ல் தேனி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் நீட் தேர்வில் 720-க்கு 664 எடுத்தார். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அவர் எடுத்தது எவ்வளவு தெரியுமா? 193. அதே பையன், அதே மூளை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. நல்ல மனசுக்காரர்கள் சிலர் சேர்ந்து, அவர் ஒரு வருஷம் கோச்சிங்கில் படிக்க வழி செய்தார்கள். 193-க்கும் 664-க்கும் நடுவே இருந்தது ஒரு வருஷமும் கொஞ்சம் பணமும்தான். நல்ல மனசுக்காரர் கண்ணில் படாத 193-கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

இது ஏதோ ஒன்றிரண்டு பேர் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நீட்டின் விளைவுகளை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. 2016-17-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள், அதாவது மறுபடி முயன்றவர்கள், நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் சொச்சம். 2020-21-ல் எழுபத்தொரு பேர்! நூற்றுக்கு எழுபத்தொன்று என்றால் அது இனி 'இரண்டாவது சான்ஸ்' இல்லை. அதுதான் மெயின் ரோடு. முதல் தடவையே எழுதி உள்ளே போகிறவர்கள்தான் சந்து வழியாகப் போகிறார்கள்.

2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு கணக்கு வந்தது. அந்த வருஷம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில், தனியார் பயிற்சி இல்லாமல் வந்தவர்கள் 48 பேர். நாற்பத்தெட்டு! அரசாங்கக் கல்லூரியின் வாசலில் தனியார் கடைக்காரர் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறார். நாம் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, அதற்குத் 'தகுதி' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் ரொம்ப நல்ல சட்டம். பொதுப் பிரிவினர் 25 வயதுக்கு மேல் நீட் எழுதக் கூடாது என்று 2018-ல் ஒரு வரம்பு வந்தது. வழக்குகள் நடந்து 2022-ல் அது எடுக்கப்பட்டது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். பழைய மார்க்கை யாரும் கேட்பதில்லை. ஐந்து தடவை கோட்டை விட்டவரும் ஆறாவது தடவை சுத்தமான சிலேட்டோடு உட்காரலாம். கதவில் பூட்டே கிடையாது. ஆனால் கதவு வரைக்கும் போகிற ரோட்டில் டோல்கேட்.

டோல் கட்டும் வசதி ரொம்ப அதிகமாக இருந்தால் ரிப்பீட்கூடத் தேவையில்லை. 2025 நீட் தேர்வில் பொதுப் பிரிவுக்கான தகுதி மார்க் 720-க்கு 144. இதர பிரிவுகளுக்கு 113. அந்த மார்க்கோடு அரசுக் கல்லூரி கனவிலும் கிடைக்காது. ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் எண்ணிவைக்க முடிந்தால், தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் முயன்று பார்க்கலாம். மேல்படிப்பில் கூத்து இன்னும் பிரமாதம். 2023 செப்டம்பரில் முதுநிலை சீட்டுகள் காலியாகக் கிடந்ததால் கட்-ஆஃபைப் பூஜ்யம் பர்சன்டைல் என்று இறக்கினார்கள். மைனஸ் மார்க் வாங்கியவரும் கவுன்சிலிங்குக்குத் தகுதியானவர். சீட் காலியாக இருந்தால் தகுதி பூமிக்குக் கீழேயும் போகும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒதுக்கீடு என்றால் மட்டும், "தரம் என்ன ஆகும்?" என்று டெலிவிஷனில் நாலு பேர் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள்.

இங்கே அமெரிக்காவை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம். அங்கே முதலில் நாலு வருஷம் டிகிரி. பிறகுதான் மருத்துவக் கல்லூரி. டிகிரியின் சராசரி மார்க்கை ஜி.பி.ஏ. என்பார்கள், நாலுக்கு இவ்வளவு என்று கணக்கு. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறவர்களின் சராசரி 3.7-ஐத் தாண்டும். பதினெட்டு வயதில் விளையாட்டுத்தனமாக இருந்து மூன்றுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கென்று பல பல்கலைக்கழகங்களில் 'போஸ்ட்-பேக்' என்று ஒரு படிப்பு உண்டு. டிகிரி முடித்தவர்கள் ஒன்றிரண்டு வருஷம் உயிரியல், வேதியியல் எல்லாம் எடுத்துப் படித்து, 'அன்றைக்கு நான் அப்படி, இன்றைக்கு இப்படி' என்று நிரூபிக்கலாம். பழைய மார்க் அழியாது. ஆனால் புது மார்க் பக்கத்திலேயே நிற்கும். வேலை பார்த்துவிட்டு முப்பது வயதில் வந்து டாக்டர் ஆனவர்களும் உண்டு.

உடனே அமெரிக்காவுக்கு ஜே போட வேண்டாம். அந்தப் படிப்புக்கும் ஆயிரக்கணக்கில் டாலர், பெரும்பாலும் கடன். சில இடங்களில் அதில் சேரவே மூன்றுக்கு மேல் வேண்டும். வியாபாரத்தில் அவர்கள் நமக்கு அண்ணன். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே மறுவாய்ப்பைத் தருவது கல்லூரி. ஆய்வகம், ஆசிரியர், பாடம், அதற்கு மார்க். இங்கே மறுவாய்ப்பைத் தருவது கோச்சிங் கடை. ஒரு வருஷம் முழுக்க நாலு விடையில் ஒன்றைத் தேடி வட்டத்தைக் கறுப்பாக்கும் வித்தை. சீட் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அந்த வருஷத்துக்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இருக்காது.

கடலைத் தாண்டாமல் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமா? பாக் ஜலசந்தி போதும். இலங்கையில் பல்கலைக்கழகம் போக ஏ லெவல் பரீட்சையை மூன்று தரம் எழுதலாம். மூன்றுதான். அதோடு, மாவட்ட வாரியாக இடம் பிரித்துக் கொடுக்கிறார்கள். அங்கேயும் டியூஷன் கொடிகட்டிப் பறக்கிறது, மாவட்டக் கணக்கு குறித்துப் பழைய கசப்பும் உண்டு. ஆனாலும் 'இத்தனை தரம்' என்று ஒரு வரையறை இருக்கிறது. பணம் உள்ளவன் ஆயுசுக்கும் எழுதிக்கொண்டே இருக்க முடியாது.

நம் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அதற்கு முன் வருஷத்துக்கு ஒற்றை இலக்கத்தில் சேர்ந்துகொண்டிருந்தவர்கள், அந்த ஒரே வருஷத்தில் முந்நூறைத் தாண்டினார்கள். பெரிய காரியம். இலவசப் பயிற்சி மையங்களும் வந்தன. ஆனால் அவை பெரும்பாலும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, சனி ஞாயிறு வகுப்பு. ஒரு தடவை எழுதித் தோற்று, பள்ளியை விட்டு வெளியே வந்து நிற்கிறாளே, அவளுக்கு? அவள் பள்ளிக் கணக்கிலும் இல்லை, கல்லூரிக் கணக்கிலும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ல் வந்தது. அருமையான திட்டம். ஆனால் கல்லூரியில் சேர்ந்தால்தான் பணம். எந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு அந்த ஆயிரம் உயிர்நாடியோ, அந்த வருஷத்தில் அது கிடையாது.

"நீட்டையே ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பீர்கள். ஒழிய வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 1,200-க்கு 1,176 வாங்கிய அரியலூர் அனிதாவை 2017-ல் இழந்த மாநிலம் இது. சட்டமன்றம் 2021-லும் 2022-லும் விலக்கு மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். போராட்டம் நடக்கட்டும். ஆனால் டெல்லி மனசு மாறும் வரை தளவானூர்ப் பெண்ணின் வயசு காத்திருக்குமா?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நீட்டுக்கு முன்னாலும் இந்த வியாதி இருந்தது. 'இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒன்று இருந்ததே, மறந்துவிட்டீர்களா? ப்ளஸ் டூவில் மார்க் குறைந்தால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுவது. யாரால் உட்கார முடிந்தது? உட்கார்ந்து சாப்பிட முடிந்தவர்களால். ஆக, பரீட்சையின் பெயர் மாறினாலும் வருஷத்தின் விலை மாறவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்த வருஷத்தைக் கடையிலிருந்து எடுத்துக் கல்லூரிக்குள் வையுங்கள். திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்தில் இருக்கிறது. அங்கே தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல் துறைகளில் முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நீட்டில் தகுதி மார்க் தாண்டியும் சீட் கிடைக்காத அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே ஒரு 'மறுவாய்ப்பு ஆண்டில்' சேருங்கள். படிப்பது பி.எஸ்ஸி. முதல் வருஷப் பாடம், கூடவே நீட் பயிற்சி. ஹாஸ்டலும் சாப்பாடும் அரசு செலவு. ஒரே ஒரு தடவைதான், சலுகையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. சீட் கிடைத்தால் முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகட்டும். கிடைக்காவிட்டால் நேரே பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். வருஷம் வீணில்லை. கல்லூரி மாணவி என்பதால் அந்த ஆயிரம் ரூபாயும் கைக்கு வரும். "பொண்ணு என்ன பண்றா?" என்று ஊர் கேட்டால், "காலேஜ் படிக்கிறா" என்று அப்பா நிமிர்ந்து சொல்லலாம். நம் ஊரில் ஒரு பெண்ணின் படிப்பு இந்த ஒரு பதிலில்தான் பிழைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதா?

காசு எங்கே என்று கேட்காதீர்கள். கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், ஆய்வகம் இருக்கிறது. கூடுதலாக வேண்டியது ஹாஸ்டலும் சில பயிற்சியாளர்களும்தான். "எல்லாரும் டாக்டர் ஆகணுமா?" என்றும் கேட்காதீர்கள். வேண்டியதில்லைதான். ஆனால் அந்தக் கேள்வியை எதிர்வீட்டு ரிப்பீட்டரிடம் நாம் கேட்பதில்லை. தளவானூரிடம் மட்டும் கேட்கிறோம்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு யார் வந்தாலும், எந்தக் கொடி என்று பார்க்காமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மார்க் குறைஞ்ச பணக்காரப் பிள்ளைக்கு இரண்டாவது சான்ஸ் இருக்கு. மார்க் குறைஞ்ச ஏழைப் பிள்ளைக்கு எங்கே?"

பதில் சொல்லாமல் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தால், கதவைச் சாத்துங்கள். அந்தப் பிள்ளைகள் முகத்தில் நாம் இத்தனை வருஷமாகச் சாத்திக்கொண்டிருப்பது மாதிரி.