கெளுத்திக்கு என்ன தீனி? சிங்கப்பூரைப் பார்த்துக் கணக்குப் போடுவோம்



சிங்கப்பூர் அரசாங்கம் 2025 நவம்பரில் ஓர் அறிவிப்புச் செய்தது. மக்களின் சத்துணவுத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்ளூரிலேயே உற்பத்தி செய்வோம் என்று 2019ல் போட்ட திட்டத்தைக் கைவிட்டது. இப்போது 2035க்குள் புரத உணவில், அதாவது முட்டையிலும் மீன் வகையிலும், 30 விழுக்காடு, காய்கறி வகையில் 20 விழுக்காடு என்று புதுக் கணக்கு எழுதியிருக்கிறது. "அது அவங்க ஊர்ச் சங்கதி, நமக்கென்னா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லயத்துக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டி கட்டிக் கெளுத்தி வளர்க்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் சேதி இருக்கிறது. பசாரில் ஈக்கான் கெலி என்று கேட்டு வாங்குகிறோமே, அதே மீனைத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூரிடம் காசு இல்லையா? படித்த பொறியாளர்கள் இல்லையா? எல்லாம் இருக்கிறது. இருந்தும் அந்த ஊர் மக்கள் தின்கிற மீனில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளூர்ப் பண்ணையிலிருந்து வருவதில்லை. இடம் விலை, மின்சாரம் விலை, ஆள் கூலி என்று பல காரணங்கள். ஆனால் பல நாட்டு மீன் பண்ணைக் கணக்கை எடுத்துப் பார்த்தால், செலவில் பாதிக்கு மேல் போவது தீனிக்குத்தான். அந்தத் தீனியின் சரக்கு பெரும்பாலும் கப்பலில் வருகிறது. மீன் உள்ளூரில் நீந்தினாலும் அதன் சோறு கடல் தாண்டித்தான் வருகிறது!

2022ஐ நினைத்துப் பாருங்கள். உக்ரேனில் சண்டை மூண்டு சோளம், கோதுமை விலை ஏறியது. இங்கே மலேசியாவில் கோழித் தீனி விலை எகிறி, பண்ணைக்காரர் கையைச் சுட்டுக்கொண்டார். நம் சந்தையிலேயே கோழிக்குத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதம் 36 லட்சம் கோழி வெளியே போய்க்கொண்டிருந்த இடம்! சிங்கப்பூர் சாப்பிட்ட கோழியில் மூன்றில் ஒரு பங்கு நம்மிடமிருந்துதான் போய்க்கொண்டிருந்தது, அதுவும் பெரும்பாலும் உயிருடன். அந்த வருஷம் அக்டோபரில்தான் கறிக்கோழி மறுபடி பாலம் தாண்டியது. தேக்கா பசாரில் கோழிக்கடைக்காரருக்கு நாலு மாதம் வயிற்றில் அடி. அவருக்கும் நம் பண்ணைக்காரருக்கும் வந்த அடி ஒரே கையிலிருந்து, அதாவது தீனி விலையிலிருந்து, வந்ததுதான். 2023ல் பெரு நாட்டில் நெத்திலி வகை மீன் பிடிப்பின் முதல் பருவத்தை அந்நாட்டு அரசு ரத்து செய்தபோது, மீன் தூள் விலை உலகமெங்கும் ஏறியது. நம் சாக்கிலும் அந்த மீன் தூள் உண்டு.

தேக்காவின் பழங்கதை வேறு மாதிரி. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்ற பெயர்களெல்லாம் சும்மா வந்தவையா? எருமையும் மாடும் கட்டியிருந்த இடம் ஐயா அது! பிலிலியோஸ் ரோட்டுக்குப் பெயர் கொடுத்தவரே மாட்டு வியாபாரிதான். அந்தக் கால்நடைக்குத் தீனி எங்கிருந்து வந்தது? பக்கத்திலே செக்கு ஆட்டிய எள்ளுப் பிண்ணாக்கு, அன்னாசி ஆலையில் கழித்த தோல். ஒருவர் கழித்தது இன்னொருவர் மாட்டுக்குச் சோறு. நம்ம ஆட்கள் செய்த தொழில் அது. 1930களுக்குள் அந்தத் தொழில் தேய்ந்துபோனது. இப்போது அதே சிங்கப்பூரில் அதே யோசனை புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இன்செக்டா என்ற நிறுவனம் சோயாச் சக்கையையும், பியர் ஆலையில் மிஞ்சிய தானியச் சக்கையையும் போட்டுக் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவை வளர்த்துக் காட்டியது. காய்ந்த புழுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம். மீனுக்கு அது நல்ல தீனி. பக்கத்தில் கிடைப்பதைத் தீனியாக்கு, ஆனால் சுத்தமாக ஆக்கு. நான் இதில் பார்க்கிற பாடம் அதுதான்.

"சுத்தமாக" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் சிலர் கோழிக் குடலைப் பச்சையாக அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் கொட்டுகிறார்கள். சும்மா கிடைக்கிறதாம். கெளுத்தி எதையும் விழுங்கும், அது அதன் குணம். ஆனால் குடலோடு வருவது கிருமியும், கோழிக்குப் போட்ட மருந்தும். இரண்டு நாளில் தண்ணீர் நாறும், மீனுக்குப் புண் வரும், சதையில் வாடை ஏறும். இந்தியாவில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதையே 2000ல் அரசு தடை செய்தது. 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறுபடி உத்தரவு போட்டது. ஆற்று மீனை அது தின்று தீர்க்கிறது என்பது ஒரு காரணம். கசாப்புக் கழிவைப் போட்டுச் சாக்கடை போன்ற தண்ணீரில் வளர்த்தது இன்னொரு காரணம். நாமும் இங்கே பெரும்பாலும் அந்த ஆப்பிரிக்க வகையையோ அதன் கலப்பையோதான் வளர்க்கிறோம் என்பதால் தப்பிய குஞ்சு ஆற்றில் விழாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. இன்னொன்று: பன்றிக் குடல் போட்டார்கள் என்று ஒரே ஒரு பேச்சு கிளம்பினால் போதும், முஸ்லிம் சகோதரர் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார். அப்புறம் யாரிடம் விற்பீர்கள்?

வியட்நாம்காரர் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். சிங்கப்பூர் உணவுக்கடைகளில் 'டோரி' என்று வெள்ளையாக ஒரு மீன் துண்டு வறுத்துக் கொடுக்கிறார்களே, அது பெரும்பாலும் மேக்கோங் ஆற்றுப் பக்கத்துக் கெளுத்தி வகைதான். முன்பு அங்கே தவிட்டையும் சிறு மீனையும் பெரிய அண்டாவில் காய்ச்சிக் குளத்தில் போட்டார்கள். வெளிநாட்டு வியாபாரம் பெருகப் பெருகக் குருணைத் தீனிக்கு, நாம் பெல்லட் என்கிறோமே அதற்கு, மாறினார்கள். இன்று அந்த மீன் உலகம் சுற்றுகிறது.

சரி, கடையில் எதை வாங்குவது? சாக்கின் மேல் உள்ள படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். புரதம் எத்தனை விழுக்காடு என்று போட்டிருக்கும். சின்னக் குஞ்சுக்கு 40க்கு மேல் வேண்டும். விரல் நீளம் தாண்டியதும் 35 அளவு. வளர்ந்த மீனுக்கு 30, 32 போதும். பெரிய மீனுக்குக் குஞ்சுத் தீனியைப் போடுவது காசைக் கரைப்பது. குஞ்சுக்கு மலிவுத் தீனியைப் போட்டால் பசி தாங்காமல் ஒன்றை ஒன்று கடித்துத் தின்னும். சீட்டே இல்லாமல் அளந்து விற்கிற டெடாக்கை வாங்காதீர்கள். தண்ணீரில் மிதக்கிற குருணை நல்லது. மீன் தின்றதா, மிஞ்சியதா என்று கண்ணாலே பார்க்கலாம். கெளுத்தி இருட்டில் இரை தேடுகிற சாதி, ஆகையால் பொழுது சாயும்போது ஒரு வேளை கட்டாயம் போடுங்கள். மிஞ்ச ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

போன மாதம் கிளைக் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "ஐயா, மலிவா இருக்கறத வாங்குனா என்னா?" அவருக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் எழுதுகிறேன். விலை உதாரணத்துக்குத்தான். ஒரு தீனி கிலோ 3 வெள்ளி. ஒரு கிலோ மீன் வளர அது 2 கிலோ வேண்டும் என்றால் 6 வெள்ளி. இன்னொன்று கிலோ 4 வெள்ளி, ஆனால் 1.2 கிலோவிலேயே ஒரு கிலோ மீன் வந்துவிடுகிறது. 4 வெள்ளி 80 காசு. நூறு கிலோ மீனுக்கு 120 வெள்ளி வித்தியாசம்! குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025ல் வந்தது. அந்தச் சம்பளத்தில் மாசக் கடைசியில் 120 வெள்ளி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை கிலோ தீனி போட்டோம், எத்தனை கிலோ மீன் எடுத்தோம் என்று பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் தீனி லாபம் என்பதை அந்த நோட்டு சொல்லும், கடைக்காரர் சொல்லமாட்டார்.

அந்தக் கடைக்காரர் விஷயத்துக்கும் வருவோம். தீனியைக் கடனாகக் கொடுத்து, மீனைத் தன் விலைக்கே எடுத்துக்கொள்கிற ஏற்பாடு சில இடங்களில் நடக்கிறது. தோட்டத்துக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளில் வெறுங்கையோடு திரும்பிய நம் தாத்தா பாட்டிக்கு இது தெரிந்த கதை. நாலைந்து வீடுகள் சேர்ந்து ரொக்கத்துக்கு மூட்டை எடுத்தால் விலையும் குறையும், மீனை யாருக்கும் விற்கலாம். ஆனால் ஆசைப்பட்டு அதிகம் வாங்கிச் சேர்க்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பூசணம் பிடித்த தீனி மீனின் ஈரலைக் கெடுக்கும், அதைக் கொட்டுகிற இடம் குப்பைக் குழிதான்.

கடைசியாக எனக்கு நெஞ்சை உறுத்துகிற ஒன்று. நாம் வெட்டிப் போடுகிற செம்பனைக் குலையின் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற பிண்ணாக்கு, கப்பலேறி நியூசிலாந்து வரை போகிறது, அங்கே பால் மாடுகள் தின்ன. நம் தொட்டிக்கோ சீமைச் சோயா கலந்த சாக்கு வருகிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, கெளுத்தித் தீனியில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை இந்தப் பிண்ணாக்கைக் கலக்கலாம் என்று கண்டிருக்கிறார்கள். நார் அதிகம், புரதம் குறைவு என்பதால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. தனியாகவும் போடக் கூடாது. நிர்வாகத்திடம் வீடு, தண்ணீர் பற்றிப் பேசப் போகும்போது, மீன் வளர்க்கிற குடும்பங்களுக்கு ஆலை விலையில் பிண்ணாக்கு வேண்டும் என்பதையும் மனுவில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். மீன் வளர்க்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தீனிச் சாக்கின் சீட்டையும் செலவு எழுதிய நோட்டையும் எடுத்து வாருங்கள். எந்தத் தோட்டத்தில் எந்தத் தீனி என்ன விலைக்குப் போகிறது என்று ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மனுவை எழுதுவோம்.